காத்திருப்புக் கட்டணம்

ஃபெங்கின் கையில் ஒரு பட்டியல்.
ஒன்பது இடம், ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை.
துறைமுக நகரத்தில் நிலம் அளக்கிறவளாம்.
எட்டு மாதமாய்க் கொழும்பில் இருந்தும்
கடலுக்குள் கொட்டிய மணலைத் தவிர
வேறெதுவும் பார்க்கவில்லையாம்.
கைபேசியில் ஏதோ சொன்னாள்; அது தமிழில் கேட்டது:
"ஓட்டுநர் அவர்களே, நான்கு மணிக்குள் இயலுமா?"
ஜம்பட்டா வீதியில் பிறந்து ஐம்பத்திரண்டு வருசம்,
மரியநாயகத்தை ஒருவரும்
'அவர்களே' என்றதில்லை.
இயலும் என்றேன்.

காலிமுகத்திடலில் காற்று தொப்பியைப் பறித்தது.
இஸ்ஸோ வடையில் இறாலின் மீசையைப் பிடுங்கி
ஓரமாய் வைத்துவிட்டு மிச்சத்தைத் தின்றாள்.
புறக்கோட்டையில், சம்மாங்கோட்டார் பள்ளியின்
சிவப்பு வெள்ளை முழுவதும் படத்தில் விழவேண்டுமென்று
நடுத்தெருவுக்குப் பின்வாங்கினாள்.
வண்டி தள்ளுகிறவன் சிங்களத்தில் ஒருமுறை ஏசினான்,
விளங்கவில்லையென்று தமிழில் ஒருமுறை.
இரண்டையும் நான் மொழிபெயர்க்கவில்லை.
தாமரைக் கோபுரத்தைக் கீழே நின்று பார்த்தால் போதும்,
மேலே ஏறினால் தெரிவது
கோபுரம் இல்லாத கொழும்பு.

ஆறாவது, நூதனசாலை.
இறக்கிவிட்டு, மரநிழலில் ஓட்டோவைப் போட்டு
பேப்பர் விரிப்பதுதான் என் வழக்கம்.
முப்பது வருசமாய் எத்தனையோ பேரை இறக்கியாயிற்று,
படி ஏறியதில்லை.
"வா" என்று கை காட்டினாள்.
அவளுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை.
என் விலையில் அரைக் கொத்துகூட வாங்கமுடியாது.
கேட்கும் முன்பே அடையாள அட்டையை நீட்டிவிட்டேன்.
"அது தேவையில்லை" என்று சிரித்தது
கவுண்டரில் இருந்த பிள்ளை.
சோதனைச் சாவடிகள் போய்விட்ட செய்தி
என் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அரசர்களின் சிம்மாசனத்தை அவள் நின்றுகூடப் பார்க்கவில்லை.
நேரே ஒரு கல்லிடம் போனாள்.
அறுநூறு வருசத்துக்கு முன் சீனத்து அரசன் அனுப்பியது.
காலியில், மதகு ஒன்றுக்கு மூடியாகக் கிடந்ததாம்.
எத்தனை மாட்டுவண்டி அதன்மேல் போயிருக்குமோ.
ஒரே கல்லில் மூன்று எழுத்து:
அவளுடையது, என்னுடையது, பாரசீகம்.

அவள் விரலை மேலிருந்து கீழே இறக்கினாள்.
நான் இடமிருந்து வலம் தடுமாறினேன்.
தமிழ்தான், ஆனால் காது கேளாத கிழவனைப் போல
பாதிக்குப் பதில் சொல்லவில்லை.
'பொன் ஆயிரம்' பிடிபட்டது.
ஒரு விரலை உயர்த்தி,
காற்றில் மூன்று பூச்சியம் போட்டேன்.
அவள் கண் விரிந்தது. தலையாட்டினாள்.
அடுத்ததற்கு அவள் முந்திக்கொண்டாள்:
ஐந்து விரல், மூன்று பூச்சியம்.
வெள்ளி ஐயாயிரம்! என்று
நான் கத்தியதில் காவலாளி எழும்பிவிட்டான்.

அவள் பக்கத்தில் அந்தக் காணிக்கை புத்தருக்கு.
என் பக்கத்தில் தேனவரை நாயனாருக்கு.
மூன்றாவதில் அல்லாவின் பேரால் என்கிறார்கள்.
ஆனால் சாமான் ஒன்றே, கணக்கு ஒன்றே.
எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.
புறக்கோட்டையில் ஒரே குடையை
மூன்று பாஷையில் விற்கிற ஆட்களோடு
தினமும் தேத்தண்ணி குடிக்கிறேன்.
ஆச்சரியம் என்னவென்றால்
மூன்று பாஷையிலும் விலை மாறாதது.

மிச்ச மூன்று இடமும் பார்க்கவில்லை.
மழை. அதோடு நாலு மணி.
இறங்கும்போது காத்திருந்த நேரத்துக்கென்று
தனியாகக் காசு நீட்டினாள்.
நான் காத்திருக்கவில்லையே, உள்ளேதானே நின்றேன்
என்பதைச் சொல்ல
அவளுடைய கைபேசியில் சார்ஜ் இல்லை.

அன்றிரவு மருதானைக்கு ஒரு மௌலவி ஏறினார்.
பாரசீகம் வாசிப்பீர்களா என்று கேட்டேன்.
"எழுத்துக் கூட்டுவேன் தம்பி, பொருள் வராது" என்றார்.
சிவப்பு விளக்கு விழுந்தது.
இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.

கொழும்பில் என்ன பார்க்கலாம் என்று கேட்கிறீர்கள்.
என் நம்பர் ஓட்டோவின் முதுகில் இருக்கிறது.
காலிமுகத்திடலுக்கு வெயில் தாழ்ந்தபின் வாருங்கள்,
இறாலை மீசையோடு தின்னுங்கள்.
பாரசீகம் தெரிந்தவராயிருந்தால்
முதலில் அந்தக் கல்லடிக்குப் போவோம்.
எவ்வளவு நேரம் என்றாலும் சரி,
மீட்டரை நிறுத்திவைக்கிறேன்.